குடியேறிகளின் இன அடையாளமும் புற நெருக்கடியும்: 'எதிர்வினை இனத்துவம்' என்னும் கருத்தாக்கம் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

அயல்நாட்டில் குடியேறிய மக்கள் காலப்போக்கில் அந்நாட்டின் பெருஞ்சமுதாயத்தோடு கலந்துவிடுவர் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கச் சமூகவியலில் வேரூன்றியிருந்த கருத்தாகும். முதல் தலைமுறை தாய்மொழியைப் பேணும்; இரண்டாம் தலைமுறை இருமொழியாளராக விளங்கும்; மூன்றாம் தலைமுறை ஆங்கிலம் மட்டுமே அறியும்; மொழி சென்ற வழியே அடையாளமும் செல்லும் என்பது அதன் சாரம். இதற்கு மாறான ஒரு கருத்தை அலெஜாந்த்ரோ போர்ட்டெஸ், ரூபன் ரும்பாட் ஆகிய இருவரும் முன்வைத்தனர். புறத்தேயிருந்து வரும் இகழ்ச்சியும் ஒதுக்கலும் குடியேறிகளின் பிள்ளைகளைத் தம் இனப்பெயரை இறுகப் பற்றிக்கொள்ளச் செய்கின்றன. அவ்வாறு உருவாகும் அடையாளம் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த முதுசொம் அன்று, குடியேறிய நாட்டிலேயே விளைந்தது என்பது அவர்தம் வாதம். இதனையே 'எதிர்வினை இனத்துவம்' என இக்கட்டுரை குறிக்கிறது.

இக்கருத்தாக்கம் பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அடையாளம் 'வலுப்பெறுகிறது' என்று கூறும்போது வலுப்பெறுவது எது என்னும் வினாவிற்கு அது தெளிவான விடை தரவில்லை. ஒரு குழு தன்னைச் சுட்டும் பெயர், அக்குழு தனக்கும் பிறர்க்கும் இடையே வகுக்கும் எல்லை, அக்குழு வழங்கும் மொழி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவை மூன்றும் ஒருங்கே வலுப்பெறும் எனக் கருதுவது சான்றுகளுக்குப் பொருந்துவதாக இல்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

கருத்தாக்கத்தை ஆராயுமுன் அதனைத் தமிழில் பெயர்க்கும் சொல்லை நோக்குதல் வேண்டும். 'எத்னிசிட்டி' என்னும் சொல்லிற்கு இனம், இனக்குழு, இனமரபு, இனத்துவம் எனப் பல நிகரன்கள் வழங்குகின்றன. தமிழகச் சமூகவியல், மானிடவியல் எழுத்துகளில் 'இனக்குழு' என்பது பெரும்பாலும் பழங்குடிச் சமுதாயத்தை நினைவூட்டுகிறது. இலங்கைத் தமிழறிஞர் எழுத்துகளில் நன்கு நிலைபெற்ற 'இனத்துவம்' என்பதே குழுவைச் சுட்டாது பண்பைச் சுட்டுவதால் ஈண்டு ஏற்கத்தக்கது.

'எதிர்வினை' என்னும் அடையிலும் கவனம் தேவை. இதனை 'எதிர்ப்பு' எனப் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத ஒரு கருத்து நுழைந்துவிடுகிறது. எதிர்ப்பு என்பது நோக்கத்தோடு செய்யப்படுவது. எதிர்வினை நோக்கமின்றியும் நிகழ்வது. பள்ளிப் படிவம் ஒன்றில் தன்னை 'மெக்சிக்கர்' என எழுதும் பதினேழு வயதுப் பிள்ளை போராட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை.

இவற்றினும் இடர்ப்பாடு மிக்கது 'இனவுணர்வு' என்னும் சொல். தமிழ்ச் சூழலில் இச்சொல் மொழியுணர்விலிருந்து பிரிக்க இயலாத ஒன்றாகிவிட்டது. 1937-40, 1965 ஆகிய ஆண்டுகளின் இந்தி எதிர்ப்புப் போராட்டங்களில் இனமும் மொழியும் ஒரு பொருளின் இரு பெயர்களாகவே வழங்கின. புற நெருக்கடி நேர்ந்தால் மொழிப்பற்று மிகும், மொழிப்பற்று மிகுந்தால் மொழி வாழும் என்று தமிழ் வாசகர் எளிதில் முடிவுசெய்வது இவ்வரலாற்றின் பயனாகும். ஆனால், அப்போராட்டங்கள் தம் சொந்த மண்ணில், தம் மொழியிலேயே பள்ளியும் இதழும் மேடையும் உடைய மக்களால் நடத்தப்பெற்றவை. குடியேறிகளின் நிலை அத்தகையதன்று. 'எதிர்வினை இனத்துவம்' என்பதை 'இனவுணர்வு வலுப்படுதல்' எனப் பெயர்க்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

3. கலிபோர்னியச் சான்று

3.1. 1994 நவம்பரில் கலிபோர்னிய மாநில வாக்காளர்கள் 187ஆம் முன்மொழிவை ஏற்றனர். உரிய ஆவணமின்றிக் குடியேறியோர்க்கு அரசுப் பள்ளிக் கல்வியையும், அவசரநிலை தவிர்ந்த அரசு மருத்துவ உதவியையும் மறுத்து, ஐயத்திற்குரியோரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமையைப் பள்ளிகள்மீதும் மருத்துவமனைகள்மீதும் சுமத்துவது அது. வாக்கெடுப்பிற்குச் சில வாரங்களுக்கு முன்னர் இலாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பல்லாயிரவர் திரண்டு எதிர்ப்புப் பேரணி நடத்தினர்; பேரணியில் மெக்சிக்கக் கொடிகள் ஏந்தப்பட்டமை பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. முன்மொழிவின் பெரும்பகுதியைக் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. 1999இல் மேல்முறையீடு கைவிடப்பட்டதோடு அது முடிவுற்றது.

போர்ட்டெஸ், ரும்பாட் ஆகியோரின் ஆய்வு இக்காலத்தை ஒட்டி அமைந்தது. சான் தியாகோ பகுதியிலும் தென் புளோரிடாவிலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பயின்ற குடியேறிகளின் பிள்ளைகள் ஐயாயிரத்திற்கு மேற்பட்டோரை அவர்கள் 1992இல் வினவினர்; அவர்களுள் பெரும்பாலோரை 1995-96இல் மீண்டும் வினவினர். முதன்முறை ஏறத்தாழ நான்கில் ஒருவர் பெற்றோரின் நாட்டுப்பெயரால் தம்மைச் சுட்டினர். இரண்டாம் முறை அது மூன்றில் ஒருவர் என்னும் அளவிற்கு உயர்ந்தது. இணைப்புக்குறியிட்ட பெயரை விரும்பியோர் தொகை குறைந்தது. வெறுமனே 'அமெரிக்கர்' என்றோர் மிகச் சிலராயினர்.

3.2. இம்மாற்றத்தை மொழியியல் நோக்கில் விளக்குவது பயன் தரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இத்தகைய தொடரில் பின்னுள்ள சொல்லே தலைமைச் சொல். முன்னது அதற்கு அடை. 'மெக்சிக்க அமெரிக்கர்' என்பார் அமெரிக்கருள் ஒரு வகையினர். 'அமெரிக்க மெக்சிக்கர்' என்றால் மெக்சிக்கருள் ஒரு வகையினர். 1992க்கும் 1995க்கும் இடையே அப்பிள்ளைகளுட் பலர் செய்தது தலைமைச் சொல்லை நீக்கி, அடையாக நின்றதைத் தலைமையாக்கியமையே ஆகும். அவர்களுட் பலர் மெக்சிக்கோவில் பிறந்தவரல்லர். 'மெக்சிக்கர்' என்பது அவர்க்குப் பிறந்த நாட்டைச் சுட்டும் பெயராக இல்லாமல், தம்மை விலக்கும் தலைமைச் சொல்லைத் தாமும் விலக்குவதாக அமைந்தது. மொழிபெயர்ப்பில் 'மெக்சிக்க வம்சாவளியினர்' என எழுதினால் இச்செயல் முழுவதும் மறைந்துவிடும். 'வம்சாவளி' பிறப்பைக் கூறுகிறது. பிள்ளைகள் கூறியதோ நிலைப்பாடு.

3.3. இனி, அதே பிள்ளைகளின் மொழிநிலையை நோக்குவோம். 1992இல் பத்தில் ஏழுபேர்க்குச் சற்று மேற்பட்டோர் ஆங்கிலத்திலேயே பேச விரும்புவதாகக் கூறினர். மூன்றாண்டுகள் கழித்து அவ்விருப்பம் பத்தில் ஒன்பதுபேரை நெருங்கியது. நாட்டுப்பெயரை நாடிய அதே ஆண்டுகளில், அதே பிள்ளைகள் தாய்மொழியிலிருந்து மேலும் விலகினர். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சான் தியாகோவின் பிலிப்பினோப் பிள்ளைகள். இயென் லெ எஸ்பிரிட்டு, டயேன் வுல்ஃப் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரை இவர்களை 'முரண்' என்னும் சொல்லாலேயே விளக்குகிறது. கல்வி, மொழி ஆகிய அளவைகளில் விரைவாக அமெரிக்கமயமான இப்பிள்ளைகளிடையே 'பிலிப்பினோ' என்னும் பெயர் மேலும் ஊன்றிற்று. ஆயினும் தகாலோகை நன்கு கையாளுவோர் அவர்களுள் சிலரே.

மூல ஆசிரியர்கள் இவ்விரு முடிவுகளையும் மறைக்கவில்லை. தம் நூலில் இரண்டையும் தந்துள்ளனர். ஆனால், ஒன்றை அடையாள இயலிலும் மற்றொன்றை மொழி இயலிலும் வைத்துவிட்டமையால் இரண்டையும் இணைத்துக் காணும் வாய்ப்புத் தவறியது. இணைத்துக் கண்டால், 'எதிர்வினை இனத்துவம்' ஆங்கிலம் வழியாகவே வளரும் இனத்துவம் என்பது புலனாகும்.

3.4. வேறொரு குறையையும் சுட்டுதல் வேண்டும். 187ஆம் முன்மொழிவின் முதன்மை இலக்கு மெக்சிக்கோவிலிருந்து வந்தோர். பிலிப்பினோக்கள் அதன் நேர் இலக்கு அல்லர். எனினும் அவர்களிடத்தும் மாற்றம் நிகழ்ந்தது. மேலும், வினவப்பட்டோர் பதினான்கு வயதிலிருந்து பதினேழு வயதை எட்டிய காலம் அது; தன்னை இன்னார் எனத் தேர்ந்துகொள்ளும் பருவம் எங்கும் அதுவே. பருவ வளர்ச்சியின் பங்கு எது, அரசியல் நெருக்கடியின் பங்கு எது என்பதை இரு முறை எடுத்த அளவீட்டால் மட்டும் பிரித்தறிதல் அரிது. மெக்சிக்கப் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆசிரியர்களின் விளக்கம் ஏற்கத்தக்கது. அதனை எல்லாக் குழுக்கட்கும் பொதுவிதியாக்குவது ஏற்கத்தக்கதன்று.

4. ஜெர்மானியச் சான்று

4.1. நெருக்கடி எப்போதும் அடையாளத்தை வலுப்படுத்துவதில்லை என்பதற்கு முதல் உலகப்போர்க் கால அமெரிக்காவின் ஜெர்மானியரை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். 1910இல் அந்நாட்டில் ஜெர்மனியில் பிறந்தோர் மட்டும் இருபது இலட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். ஜெர்மன் இதழ்களும் பள்ளிகளும் தேவாலயங்களும் மிகுந்திருந்தன. 1915இல் இணைப்புக்குறி அமெரிக்கரைக் கடிந்து முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பேசினார். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபின் நெருக்கடி முற்றியது. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிரேகர் என்னும் ஜெர்மானியத் தொழிலாளர் கும்பலால் தூக்கிலிடப்பட்டார். அடுத்த மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பொது இடங்களிலும் தொடர்வண்டிகளிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலமல்லா மொழிகளைப் பேசலாகாது எனப் பறைசாற்றினார். 1915இல் உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஜெர்மன் பயின்றனர். 1922இல் அவர்கள் நூற்றில் ஒருவர்க்கும் குறைந்தனர். நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் இயற்றிய தடைச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1923இல் மேயர் வழக்கில் செல்லாததாக்கியபோதிலும், அதற்குள் ஜெர்மன் கல்வியின் அடித்தளம் தகர்ந்துவிட்டது.

4.2. வாசிலிக்கி ஃபூக்காவின் இரு ஆய்வுகள் இப்பொருளில் நுண்மையான வேறுபாட்டைக் காட்டுகின்றன. 2019இல் வெளியான ஆய்வு, ஜெர்மானியர்மீது பகைமை மிகுந்திருந்த மாநிலங்களில் அவர்கள் தம் பிள்ளைகட்கு ஆங்கிலச் சாயலுடைய பெயர்களை இட்டதையும், குடியுரிமை வேண்டி மிகுதியாக விண்ணப்பித்ததையும் காட்டியது. 2020இல் வெளியான ஆய்வோ, ஒகாயோ, இந்தியானா மாநிலங்களில் போருக்குப் பின்னர் வந்த பள்ளிமொழித் தடையை எடுத்துக்கொண்டது. அத்தடைக்கு உட்பட்ட வயதினர் வளர்ந்தபின் தம் இனத்துள்ளேயே மணம் செய்துகொள்வதும், பிள்ளைகட்கு ஜெர்மன் சார்ந்த பெயரிடுவதும் மிகுந்திருந்தன. இரண்டாம் உலகப்போரில் தாமே முன்வந்து படையிற் சேர்வது குறைந்திருந்தது.

ஒரே மக்கள், ஏறத்தாழ ஒரே காலம். ஆயினும் விளைவுகள் எதிரெதிரானவை. உயிருக்கும் பிழைப்பிற்கும் அச்சம் நேர்ந்த இடத்தில் வெளியில் தெரியும் அடையாளம் மறைக்கப்பட்டது. பிள்ளைகளின் கல்வியில் அரசு கைவைத்த இடத்தில் உள்ளெல்லை இறுகியது. தோல்நிறத்தாலும் சமயத்தாலும் பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபடாத ஜெர்மானியர்க்கு மறைதல் என்னும் வழி திறந்திருந்தது. அத்தகைய வழி இல்லாத குழுக்கட்கு முதல் விளைவு அரிதாகவே இயலும். போர்ட்டெஸ், ரும்பாட் ஆகியோரின் கோட்பாட்டில் இந்நிபந்தனைகள் போதிய இடம் பெறவில்லை.

மொழியைப் பொறுத்தவரை இரு ஆய்வுகளும் நமக்குத் தரும் பாடம் ஒன்றே. திருமண எல்லை இறுகியபோதும், பெயர்கள் ஜெர்மன் மரபை நாடியபோதும், ஜெர்மன் கல்வி பழைய நிலையை மீண்டும் எட்டவில்லை.

4.3. மொழி நிலைத்த இடமும் உண்டு. ஹட்டரைட் என்னும் சமயக் குழுவினர் போரெதிர்ப்புக் கொள்கை உடையவர். படைச்சேவையை மறுத்த அவர்தம் இளைஞர் இருவர் 1918இல் சிறைக்காவலில் துன்புற்று இறந்தபின், தென் டகோட்டாவிலிருந்த அவர்தம் குடியிருப்புகளுட் பெரும்பாலானவை கனடாவிற்குப் பெயர்ந்தன. இன்றும் அவர்கள் தம் ஜெர்மன் கிளைமொழியை வழங்குகின்றனர். ஆனால், இதனை நெருக்கடியின் பயனாகக் கொள்ளலாகாது. பொதுவுடைமைக் குடியிருப்பில் உண்ணுதல், உழைத்தல், வழிபடுதல், பிள்ளை வளர்த்தல் ஆகிய அனைத்தும் அம்மொழியிலேயே நிகழ்வதால் அது நிலைத்தது. மொழிக்குரிய வழங்குகளங்கள் பிறமொழி நுழையாதவாறு வகுக்கப்பட்டிருந்தாலன்றி இருமொழிநிலை நெடிது நில்லாது என்னும் ஜோஷுவா ஃபிஷ்மனின் கருத்தை இது உறுதிப்படுத்துகிறது.

5. அழுத்துவோர் தரும் பெயர்

புற நெருக்கடி பழைய அடையாளத்தை வலுப்படுத்துவதோடு, முன்பு இல்லாத அடையாளத்தைத் தோற்றுவிப்பதும் உண்டு. 1982இல் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்னும் சீன அமெரிக்கர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானிய மகிழுந்துகளால் அமெரிக்கத் தொழிலாளர் வேலையிழந்த காலம் அது. கொன்றவர் இருவர்க்கும் சிறைத்தண்டனை கிடைக்கவில்லை. சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்கள் எனப் பிரிந்திருந்தோர் இந்நிகழ்ச்சிக்குப்பின் 'ஆசிய அமெரிக்கர்' என்னும் பெயரின்கீழ் ஒன்றுகூடியதை எஸ்பிரிட்டு 1992இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தாக்குவோர் வேறுபாடு காணாதபோது தாக்கப்படுவோரும் வேறுபாட்டை ஒதுக்கிவைக்க நேர்ந்தது.

இக்கூட்டினத்திற்குப் பொதுமொழி யாது என்று வினவினால் ஆங்கிலம் என்பதன்றி வேறு விடையில்லை. நெருக்கடி எத்துணைப் பரந்த குழுவை உருவாக்குகிறதோ அத்துணைக்கு அக்குழு தாய்மொழிகளிலிருந்து விலகி நிற்கும். எதிர்வினை என்பது எவர்க்கு எதிராக நிகழ்கிறதோ அவர்க்கு விளங்கும் மொழியில் அமைந்தாக வேண்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஈண்டு மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் எச்சரிக்கை. பல இனங்களை உள்ளடக்கிய இவ்வடையாளத்தைப் 'பேரினத்துவம்' எனப் பெயர்க்கும் எண்ணம் எழக்கூடும். இலங்கைத் தமிழில் 'பேரினவாதம்' என்பது பெரும்பான்மை இனத்தின் மேலாதிக்கத்தைக் குறித்து வழங்குவதால், சிறுபான்மையோரின் தற்காப்பைச் சுட்டவேண்டிய சொல் ஆதிக்கத்தைச் சுட்டுவதாகிவிடும். 'கூட்டினத்துவம்' என்பது இவ்விடர் அற்றது.

6. தென்னாப்பிரிக்கத் தமிழர்

மேற்கூறிய பிரிவினையைத் தமிழ்ச் சான்றொன்றால் சோதித்துப் பார்க்கலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட முதற் கப்பல் டர்பனை அடைந்தது முதல், 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோருள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். 1906 முதல் 1914 வரை நடைபெற்ற சத்தியாகிரகத்தில் தமிழர் பெரும்பங்கு கொண்டனர். கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்களை 1913இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று செல்லாதனவாக்கியபோது பெண்களும் சிறை சென்றனர். 1950இன் குழுவாரிப் பகுதிச் சட்டம் இந்தியர்க்கெனத் தனிக் குடியிருப்புகளை வகுத்து அவர்களை அங்கே பெயர்த்தது.

புற நெருக்கடி இதனினும் கடுமையாக இருத்தல் அரிது. அடையாளத்தின் எல்லையை அரசே சட்டத்தால் வகுத்துத் தந்தது. அவ்வாறாயின், மொழியும் அவ்வெல்லைக்குள் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். நிகழ்ந்தது வேறு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டு இந்தியருள் பத்தில் ஒன்பதுபேர்க்கு மேற்பட்டோரின் வீட்டுமொழி ஆங்கிலமாயிற்று. ராஜேந்த் மெஸ்த்ரி முதலிய மொழியியலாளர் இதற்குரிய காரணங்களை விளக்கியுள்ளனர்: பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம், ஒரே குடியிருப்பில் தமிழும் தெலுங்கும் போஜ்புரியும் குஜராத்தியும் பேசுவோர் அடுத்தடுத்து வாழ்ந்தமையால் இந்தியர்க்கிடையேயும் ஆங்கிலமே பொதுமொழியாயிற்று, கட்டாயப் பெயர்வு கூட்டுக்குடும்பங்களைச் சிதைத்தது. குழுவை இறுக்கிய அதே சட்டம் மொழியின் வழங்குகளங்களை அழித்தது.

ஆயினும் 'தமிழ்' என்னும் பெயர் அங்கு மறையவில்லை. தமிழ் பேச அறியாதோரும் தம்மைத் 'தமிழ்' என்கின்றனர். அங்கு அச்சொல் மொழியைவிடச் சமயத்தையும் மரபையும் சுட்டுவதாகப் பொருள் மாறியுள்ளது. காவடியும் தீமிதியும் அப்பெயரின் உள்ளீடாயின. மொழிப்பெயர் ஒன்று அம்மொழியின் வழக்கு ஒழிந்தபின்னும் குழுப்பெயராக வாழ்வதற்கு இது சிறந்த சான்றாகும்.

7. முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவதாக, புற நெருக்கடியால் பெரிதும் வலுப்பெறுவது பெயர். அடுத்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எல்லை. மொழி அவ்வாறு வலுப்பெற்றமைக்கு இங்கு ஆராய்ந்த சான்றுகளில் இடமில்லை. இரண்டாவதாக, எல்லை இறுகுவதும் நெகிழ்வதும் மறைந்து வாழும் வாய்ப்பு அக்குழுவிற்கு உண்டா என்பதையும், நெருக்கடி எக்களத்தில் நேர்கிறது என்பதையும் பொறுத்தன. மூன்றாவதாக, நெருக்கடியின் விளைவாக எழும் பெயர் எப்போதும் பழம்பெயராக இருக்க வேண்டியதில்லை.

இக்கருத்தை ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் முன்மொழிந்த கொள்கையோடு ஒப்பிடலாம். இனக்குழுவை வரையறுப்பது அதன் எல்லையே அன்றி எல்லைக்குள் அடங்கிய பண்பாட்டுப் பொருள் அன்று என்றார் அவர். இங்குக் கண்ட சான்றுகள் அவருடைய கூற்றுக்கு அரண் செய்கின்றன. எனினும், மொழியியலாளர் அக்கூற்றோடு அமைதிகொள்ளல் இயலாது. எல்லை நின்று மொழி மறையும்போது, இனவியலார்க்குக் குழு தொடர்கிறது. மொழியியலார்க்கோ ஒரு வழக்கு முடிகிறது.

இதன் பயன் நடைமுறை சார்ந்தது. இன்று கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடியேறிய தமிழரின் பிள்ளைகள் தம்மைத் தமிழர் எனப் பெருமிதத்தோடு கூறுவதைக் கண்டு தமிழின் எதிர்காலம் குறித்து அமைதியடைவோர் உளர். அப்பெருமிதம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அது மொழி நிலைபேற்றின் அளவுகோல் அன்று. வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் எம்மொழியில் உரையாடுகின்றனர், உடன்பிறந்தோர் தமக்குள் எம்மொழியில் பேசுகின்றனர் என்பனவே அளவுகோல்கள். மொழித்திட்டம் வகுப்போர் பெயரையும் எல்லையையும் மொழியையும் தனித்தனியே அளந்தறிதல் வேண்டும். அத்தலைமுறையினர் ஆங்கிலத்தில் எழுதும் தமிழர் வாழ்வைத் தமிழாக்குவோரும், மூலத்தில் பெயராக மட்டும் நிற்கும் தமிழைப் பேச்சாகவும் நின்றது போலக் காட்டிவிடாமல், அவ்விடைவெளி வாசகர்க்குப் புலப்படுமாறு பெயர்த்தல் வேண்டும்.